முள் பொய் சொல்லுமா?

மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்

நண்பர்களே, இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

ஒரு பழைய வேன் ஒர்க்‌ஷாப்பிற்கு வந்தது. "தம்பி, வர்ற வழியில டெம்பரேச்சர் முள்ளு ஏறிக்கிட்டே போச்சு. அப்புறம் தானா இறங்கிடுச்சு" என்றார் டிரைவர் அண்ணன். "இறங்கிட்டா நல்லதுதானே அண்ணே, கூல் ஆயிடுச்சு, ஓட்டுங்க" என்று பெரிய இஞ்சினியர் மாதிரி சொல்லிவிட்டேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. மாலையில் அதே வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது. அந்த அண்ணனுக்கு நான்கு நாள் பிழைப்பு போயிற்று. போர்மேன் என்னைத் திட்டவில்லை. "தண்ணி இருந்தாத்தானப்பா முள்ளுக்குச் சூடு தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. பழைய வண்டியின் டாஷ்போர்டில் உள்ள முள் சூட்டையோ பெட்ரோலையோ நேரில் பார்ப்பதில்லை. தன் வழியே ஓடும் மின்னோட்டத்தையே காட்டுகிறது. அதைக் கூட்டிக் குறைப்பது மறுமுனையில் உள்ள சென்டிங் யூனிட்.

டெம்பரேச்சர் கேஜில் அந்த யூனிட் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் ஏறும். ஆனால் அது கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். ஹோஸ் கிழிந்து தண்ணீர் போய்விட்டால் தெர்மிஸ்டர் காற்றில் நிற்கும். இஞ்சின் தகிக்கும்போதே முள் இறங்கிவிடும். ஒயர் அறுந்தாலும் முள் 'கோல்டு'க்குப் போய்விடும். ஒயர் தேய்ந்து பாடியில் உரசினாலோ 'ஹாட்' பக்கம் முழுக்கச் சாயும்.

ஃப்யூயல் கேஜில் டேங்கில் மிதக்கும் ஃப்ளோட், ஒரு ரியோஸ்டாட்டை நகர்த்துகிறது. ஃப்ளோட் ஓட்டையானால் மூழ்கும். டேங்க் நிறைந்திருந்தாலும் 'எம்ப்டி' காட்டும்.

பைமெட்டல் வகைக் கேஜ்களுக்கு ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14 வோல்ட் தொட்டாலும், கேஜுக்குச் சராசரியாக 10 வோல்ட் அளவே அது கொடுக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். ஆகவே ஒரு முள் மட்டும் தப்பினால் அதன் ஒயரையும் யூனிட்டையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தப்பினால் முதலில் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டரும் சாலையைப் பார்ப்பதில்லை, சக்கரச் சுழற்சியைத்தான் எண்ணுகிறது. பெரிய டயர் மாட்டினால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் ஐ.நா. விதி எண் 39, மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது என்கிறது. உண்மை வேகம் 80 கி.மீ. என்றால் 92 வரை கூட்டிக் காட்டலாம்.

இன்றைய வண்டிகளில் முள்ளை நகர்த்துவது கம்ப்யூட்டர். பல கார்களில் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய வண்டியில் செய்வதுபோல ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்க்காதீர்கள், ஸ்கேனர் போடுங்கள்.

ஏறிய முள் தானாக இறங்கினால் உடனே வண்டியை நிறுத்துங்கள். இஞ்சின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பாருங்கள். முள் பொய் சொல்லாது நண்பர்களே, அது சொன்னது எனக்குத்தான் புரியவில்லை.