பதினாறு சிலிண்டர் கனவு

1950ஆம் ஆண்டு உலகக் கார்ப் பந்தயங்களில் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ தான் கலந்துகொண்ட ஆறிலும் வென்றது. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் 1938லேயே களம் கண்டு, பின்னர் படிப்படியாகச் செப்பனிடப்பட்டது.

அதை வீழ்த்த எண்ணிய இங்கிலாந்தின் பி.ஆர்.எம். குழுவினரோ, ரேமண்ட் மேஸ் தலைமையில் நாட்டின் தொழிலகங்களிடம் பொருள் திரட்டி, அதே 1.5 லிட்டர் கொள்ளளவைப் பதினாறு சிலிண்டர்களாகப் பகுத்தனர். சிலிண்டர் சிறிதானால் பிஸ்டனின் எடை குறையும், நிமிடத்திற்கு 12,000 சுற்றுகள் சுழலலாம், திறனும் பெருகும். கணக்கில் பிழையில்லை. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் தந்த மையவிலக்கு சூப்பர்சார்ஜரின் இயல்பை நோக்குங்கள். அது தரும் அழுத்தம் சுழல்வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வது. ஆகவே குறைந்த சுழற்சியில் வலுவில்லை. சுழற்சி ஏறியதும் திறன் திடீரெனப் பொங்கிச் சக்கரங்கள் வழுக்கும். வளைவில் ஓட்டுநர் பாடு என்னாவது!

1950 ஆகஸ்டில் சில்வர்ஸ்டோனில் கொடி அசைந்ததும் கார் சற்றே துள்ளி நின்றது. சக்கரங்களுக்குத் திறனைக் கடத்தும் பகுதி முறிந்துவிட்டது. மறு ஆண்டு அங்கேயே ஐந்தாம், ஏழாம் இடங்கள் கிடைத்தன. ஓட்டுநர் இருவருக்கும் எஞ்சின் வெப்பத்தால் தீக்காயம். அதே பந்தயத்தில்தான் ஃபெராரி, சூப்பர்சார்ஜரே இல்லாத 4.5 லிட்டர் எஞ்சினைக்கொண்டு ஆல்ஃபாவை வென்றது.

அவ்வாண்டு இறுதியில் ஆல்ஃபா விலகியது. 1952இன் உலகப் போட்டி இரண்டு லிட்டர் கார்களுக்கென மாற்றப்பட்டது, பி.ஆர்.எம்.மின் பதினாறு சிலிண்டருக்கு அதில் இடமில்லை.