மருத்துவக் குறியீட்டுப் பயிற்சி: முதல் பாடம் நம் வகுப்பறையில்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாள்களில் மதுரைப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ‘மெடிக்கல் கோடிங் படியுங்கள், 100 சதவீதம் வேலை உறுதி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மாணவர்கள் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நம்மிடம்தான் வருகிறார்கள். கோடிங் என்றதும் நம்மில் சிலருக்குக் கணினி நிரல் நினைவுக்கு வருகிறது. ‘நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் இல்லையே’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இந்த வேலைக்கும் நிரல் எழுதுவதற்கும் தொடர்பு கிடையாது. இது வாசிக்கிற வேலை.

மருத்துவர் எழுதிய குறிப்பை வாசித்து, அதிலுள்ள நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை நூலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கேட்பது இந்தக் குறியீடுகளை வைத்துத்தான். அங்குள்ள நோயாளிகளின் பதிவேடுகளைச் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமர்ந்து நம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே ஐசிடி-10-சிஎம் என்னும் நோய்க் குறியீட்டுத் தொகுதி நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய தொகுதியில் சுமார் 14 ஆயிரம் குறியீடுகள்தான். இதில் 70 ஆயிரத்தையும் தாண்டும்.

இத்தனை எதற்கு? நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை முட்டித் தள்ளியதில் ஓர் இளைஞருக்கு இடது மணிக்கட்டருகே எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதியின்படி அவருடைய காயத்துக்கு எஸ்52.502ஏ என்று எழுதலாம். ‘எஸ்’ காயங்களின் அத்தியாயத்தைக் குறிக்கிறது. 52 முன்கை எலும்பு முறிவு. அடுத்த 5 ஆர எலும்பின் கீழ்முனை. ஆறாம் இடத்து 2 இடது கை. அதே இடத்தில் 1 இருந்தால் வலது கை. கடைசி ‘ஏ’, தோல் கிழியாத முறிவுக்கு முதற்கட்ட சிகிச்சை நடக்கிறது என்கிறது. காயம் எப்படி நேர்ந்தது என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு: டபிள்யூ55.22எக்ஸ்ஏ, மாடு முட்டியது. காளையும் இதற்குள் அடக்கம். அமெரிக்க நூலில் நம் ஜல்லிக்கட்டுக்கும் இடம் இருக்கிறது!

இந்த ‘எக்ஸ்’ எதற்கு? ஏழாம் எழுத்து ஏழாம் இடத்தில்தான் நிற்க வேண்டும். ஆறாம் இடம் காலியாக இருப்பதால் அதை நிரப்ப ‘எக்ஸ்’ வருகிறது. 205இல் பத்தின் இடத்துச் சுழியம் செய்யும் அதே வேலை. இடமதிப்பு நன்கு புரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

அடுத்தது கலைச்சொல். தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணமே இல்லை என்பது என் கருத்து. பகுபதத்தைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மருத்துவச் சொல்லையும் பிரிக்க வரும். ‘ஐட்டிஸ்’ என்னும் விகுதி வந்தால் அழற்சி. ‘எக்டமி’ வந்தால் அறுத்து நீக்குதல். ‘ஹெபடைட்டிஸ்’ கல்லீரல் அழற்சி, ‘டான்சிலெக்டமி’ உள்நாக்குச் சதை நீக்கம். ‘கார்டியோமயோபதி’யில் கார்டி இதயம், மயோ தசை, பதி நோய். முதல் இரண்டுக்கும் நடுவே வரும் ‘ஓ’வுக்குத் தனிப்பொருள் இல்லை, நம் சாரியை போல ஒட்டுவதற்காக வருவது. ‘மரத்தை’யில் அத்துச் சாரியையைக் கண்டுபிடிக்கும் மாணவிக்கு இது புதிதா என்ன?

எச்சரிக்கை வேண்டிய இடங்களும் உண்டு. இலியம் என்று தமிழில் ஒரே மாதிரி எழுதும் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று சிறுகுடலின் கடைப்பகுதி, மற்றது இடுப்பெலும்பு. ஆங்கிலத்தில் நடுவிலுள்ள ஓர் எழுத்து, ‘ஈ’யா ‘ஐ’யா என்பதுதான் வேறுபாடு. சொற்களைத் தமிழில் விளக்கினாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் கட்டாயம் எழுதிப் பழக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது விதிகளைக் கவனிப்பது. வெளிநோயாளிக் குறிப்பில் ‘காய்ச்சல், டெங்குவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால் டெங்குவுக்கு உரிய ஏ90 போடக்கூடாது. காய்ச்சலுக்கு உரிய ஆர்50.9தான் போட வேண்டும். உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போதும் அதே ‘இருக்கலாம்’ நீடித்தால், மருத்துவமனை தன் கணக்கில் டெங்கு என்றே குறிக்கலாம். ஒரு சொல்லுக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதி. கணினியே குறியீட்டை முன்மொழியும் மென்பொருள்கள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், இத்தகைய இடங்களைச் சரிபார்க்கும் கண்ணுக்குத்தான் மதிப்பு.

இனி, பெற்றோரிடம் நாம் சொல்ல வேண்டியவை. சென்ற ஆண்டு முன்னாள் மாணவி ஒருத்தியின் தாய் பள்ளிக்கு வந்தார். ‘டீச்சர், பிளஸ் டூ போதும்னு சொல்றாங்க. தோட்டை அடகு வச்சுக் கட்டிரட்டுமா?’ என்று கேட்டார். நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும்போது பெரும்பாலும் பட்டம் கேட்கின்றன: விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், செவிலியம், மருந்தியல் போன்றவை. தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேர்வதே முதற்படி என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தோடு காதிலேயே இருக்கிறது. பெண் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

சான்றிதழ் பற்றியும் குழப்பம் உண்டு. பயிற்சி மையம் தரும் சான்றிதழ் வேறு, அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்தும் சிபிசி தேர்வு வேறு. அந்தத் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டு நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். எளிதுதானே என்று தோன்றும். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது. நூலில் எங்கே தேடுவது என்று தெரியாதவருக்கு நூல் இருந்தும் பயனில்லை. தேர்ச்சி பெற்றாலும் அனுபவம் இல்லாதவருக்குப் பெயரோடு ‘பயிலுநர்’ என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். சேருவதற்கு முன் ‘உங்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், நான் அவர்களிடம் பேசலாமா?’ என்று மையத்தில் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வீடு திரும்பலாம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் நான் செய்வது இது. ஐந்து வரியில் ஒரு மருத்துவக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதுவேன். பக்கத்தில் பத்துக் குறியீடுகளும் அவற்றின் பொருளும். குழுவுக்கு நான்கு பேர். ஒவ்வொரு குறியீட்டுக்கும் குறிப்பிலுள்ள எந்தச் சொல் சான்று என்று அடிக்கோடிட்டுக் காட்டினால்தான் மதிப்பெண். பாதிக் குழுக்கள் முதல்முறை ‘இருக்கலாம்’ என்ற சொல்லைத் தாவிவிடும். மெதுவாக வாசிக்கும் பிள்ளைகள் அன்று முன்னுக்கு வருவதைப் பார்க்கலாம். வேறு பாடவேளைகளில் அவர்களுக்கு அந்த வாய்ப்பு அரிது.

ஒருமுறை எலும்பு முறிவுக் குறிப்பில் எந்தக் கை என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். பல குழுக்கள் வலது கை என்று போட்டுவிட்டன. கடைசி வரிசை மாணவன் எழுந்து, ‘டீச்சர், எந்தக் கைன்னு டாக்டர் எழுதவே இல்லையே?’ என்றான். கை குறிப்பிடப்படாத முறிவுக்கு ஆறாம் இடத்தில் 9 வரும் குறியீடு இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பக்கூடும். எனவே குறியீட்டாளர் மருத்துவருக்கே கேள்வி எழுதி அனுப்புவார், தானாக ஒரு கையை முடிவு செய்ய மாட்டார் என்று விளக்கினேன். மருத்துவருக்கு அனுப்ப வேண்டிய அந்தக் கேள்வியை எழுதி வருவதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.