மார்பகச் சீரமைப்புக்குப் பின்: வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பிறகு, வயிற்றுச் சதையையோ முதுகுத் தசையையோ கொண்டு, அல்லது சிலிக்கோன் வைத்து மார்பைத் திரும்ப உருவாக்குவது இன்று வசதி உள்ளவர்களுக்கு மட்டுமான சிகிச்சை இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல் இதைக் கட்டணமின்றிச் செய்யத் தனிப் பிரிவே தொடங்கினார்கள். நம் பக்கத்துப் பெண்கள் மதுரையிலோ திருநெல்வேலியிலோ செய்துகொண்டு, சில நாளில் கோவில்பட்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிரமம் அதற்குப் பிறகுதான். ஆபரேஷன் செய்த டாக்டர் மதுரை என்றால் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். வீட்டிலோ ஆளுக்கொரு யோசனை.

பலர் டிரெயின் குழாயோடுதான் வீட்டுக்கு வருவார்கள். மிரள வேண்டாம், உள்ளே ஊறும் நீர் தேங்காமல் இழுக்கத்தான் அது. சோப்புப் போட்டுக் கை கழுவி, குழாய் முனையிலுள்ள பல்பின் மூடியைத் திறந்து, நீரை அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு பல்பை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். காற்றோடு மூடினால் அது இழுக்காது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முதலில் சிவப்பாக வரும் நீர் நாளாக ஆக வெளிறி மஞ்சளாகும், அளவும் குறையும். பொதுவாக 24 மணி நேரத்தில் 20–30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே குழாயை எடுப்பார்கள். சேலையில் குழாய் மாட்டி இழுபடும். முன்பக்கம் திறக்கும் நைட்டியின் உட்புறத்தில் பல்பை ஊக்கால் மாட்டிக்கொள்வது நல்லது.

புது மார்பில் பல மாதங்களுக்கு உணர்ச்சி இருக்காது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. ஆகவே வெந்நீர் ஒத்தடம், உப்பு ஒத்தடம், ஐஸ் எதுவும் கூடாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.

அடுத்தது தண்ணீர்க் குடம். நிறைகுடம் பத்துப் பதினைந்து கிலோ வரும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்றே பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் வீட்டு ஆண்கள் குடம் தூக்கினால் ஒன்றும் குறைந்துபோகாது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவெடுங்கள். வயிற்றுச் சதையை எடுத்தவர்கள் முதலில் சற்றுக் குனிந்தே நடப்பார்கள், அது இயல்பு. படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழ வேண்டும்.

முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது தப்பு. புண் ஆறப் புரதம் வேண்டும், அது இவற்றில்தான் இருக்கிறது. சர்க்கரை இல்லாதவர்கள் நம் ஊர்க் கடலை மிட்டாயும் சாப்பிடலாம். விட வேண்டியது வெற்றிலையோடு போடும் புகையிலையை. நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். எடுத்து வைத்த சதை பிழைப்பதே அந்த ரத்த ஓட்டத்தால்தான்.

வீக்கம், கன்றிய நிறம், ஒரு பக்கம் மேடாகத் தெரிவது எல்லாம் வாரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் மார்பு திடீரென உப்பினாலோ, டிரெயினில் பச்சை ரத்தமாகக் கொட்டினாலோ, வைத்த சதை வெளுத்தோ நீலம் பாரித்தோ கறுத்தோ போனாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, காயம் நாற்றமெடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிருமி தொற்றினால் தோல் சிவக்கும் என்பார்கள். நம் மாநிறத் தோலில் அது சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டு இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ 108ஐ அழையுங்கள்.

அவசரத்துக்கு உள்ளூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போவீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் டிரெயின் நீர் அளவு எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே சிலிக்கோன் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீர் கோத்திருக்கிறது என்று யாராவது ஊசி போட்டு எடுக்க முனைந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனில் பேசாமல் சம்மதிக்காதீர்கள். ஊசி பட்டால் உள்ளே வைத்தது ஓட்டையாகிவிடும்.