சிதறிய அல்பத்தை ஒன்றுசேர்த்தல்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 இல் வன்னியிலிருந்தும் எழும்பி வந்த குடும்பங்கள் கையோடு எடுத்தவை காணி உறுதி, அடையாள அட்டை, நகை, மாற்று உடுப்பு. கலியாண அல்பம் பாரம் என்று பலரும் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, அல்பமும் இல்லை.

ஆனால் அந்தப் படங்களின் பிரதிகள் வேறிடத்தில் உண்டு. அந்நாளில் கலியாணம், சாமத்தியவீடு, முதல் நற்கருணை என்று எது நடந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கும் மாமிக்கும் நாலைந்து படங்களைக் கடிதத்தோடு வைத்து அனுப்புவது எம்மவர் வழக்கம். அவை இன்றும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் ஏதோ அலுமாரியில் கிடக்கின்றன. வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் உறவுகளிடமும் ஒன்றிரண்டு இருக்கும். இவற்றைக் கைத்தொலைபேசி மூலம் ஓரிடத்தில் சேர்க்கலாம்.

இது பழைய நினைவுக்காக மட்டும் செய்யும் வேலையல்ல. வலிகாமம் வடக்கில் 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, வீடும் வேலியும் மரமும் தரைமட்டமாகிக் கிடந்ததால் தங்கள் வளவு எது என்று தெரியாமல் நின்றவர்கள் பலர். கிணறு மிஞ்சியிருந்தால் அதை வைத்து மட்டுப்பிடித்தார்கள். மணமக்களுக்குப் பின்னால் கிணறும் துலாவும் அயல்வீட்டு மதிலும் தெரிகிற படம் இப்படியான வேளையில் உதவும். அது உறுதிக்கு ஈடாகாது. உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்துக்கும், அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்துக்கும்தான் போகவேண்டும். ஆயினும் வத்தளையில் பிறந்து அந்த மண்ணை மிதிக்காத பிள்ளைக்கு ஊரைக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

படம் பிடிக்கும் முறை இலகுவானது. பகலில் யன்னலோரம் படத்தை மட்டமாக வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பசை ஒட்டிய பழைய அல்பத்தில் படத்தை உரிக்க வேண்டாம், கிழிந்துவிடும். மேல் தாளை மட்டும் மெல்லத் தூக்கிவிட்டு எடுங்கள். பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, முகங்கள் தெளிவிழக்கும். ஒன்றிரண்டு படங்களை ‘டொக்கியூமென்ற்’ என்ற வழியில் அனுப்பலாம். நூற்றுக்கணக்கில் என்றால் கூகிள் போட்டோஸ் போன்ற ஒன்றில் பொது அல்பம் திறந்து உறவினரைச் சேருங்கள். எல்லோரும் தத்தம் படங்களை அதில் போடலாம். கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஒரு படம் 3 எம்பி என்றால் ஏறக்குறைய 5000 படங்கள் கொள்ளும். ஏற்றும் வேலையை வைஃபை உள்ள வீட்டில் செய்யுங்கள், அல்லது வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் விடுங்கள். அவர்களும் ஏதாவது செய்யட்டுமே!

இணைப்பு கிடைத்தவர் எவரும் அல்பத்தைப் பார்க்க முடியும். ஆகவே இணைப்பால் பகிர்வதை நிறுத்தி, ஆளுக்கு ஆள் அழைப்பு அனுப்புங்கள். உறுதி, அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களை அதில் போடவே கூடாது. இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் இருக்கும் படத்தைப் போடுமுன் அவர்களுடைய வீட்டாரைக் கேளுங்கள். சில தாய்மார் அந்த முகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு அதைத் திடீரெனக் காணும் தைரியம் இராது.

கம்பனியை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். யாகூவின் படச்சேவை 2007 இல் மூடப்பட்டது. பிக்காசா 2016 இல் நின்றது. கூகிளின் எல்லையற்ற இலவச இடம் 2021 யூன் 1 உடன் முடிந்தது. இரண்டு வருடம் திறக்காத கணக்கை அது அழிக்கவும் கூடும். விதைநெல் முழுவதையும் ஒரே வீட்டில் வைப்போமா? இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை இங்கேயும் மற்றதை வெளிநாட்டிலும் வையுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமான வேலை பெயர் எழுதுவது. பெயரில்லாத படம் இன்னும் இருபது வருடத்தில் யாரோ ஒருவரின் படம். அம்மம்மாவோ பெரியப்பாவோ இருக்கும்போதே பக்கத்தில் இருத்தி, இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, வளவின் காணிப்பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். எழுத நேரமில்லாவிட்டால் அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு படத்தில் தொடங்கிய கதை ஊரின் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும், தடுக்க வேண்டாம்.

பாடசாலை, கோயில் திருவிழா, கூட்டுறவுக் கடை போன்ற ஊர்ப்படங்கள் அகப்பட்டால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் பேணிவரும் நூலகம் நிறுவனத்துடன் தொடர்புகொள்ளலாம். படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்.