கூத்து பார்க்கப் போகிறீர்களா?

சேலம், நாமக்கல் பக்கம் ஆர அமர உட்கார்ந்து, எதிரே ஒருவர் பாடுவதைக் கேட்டபடி பொழுது போக்க ஒரு பார் தேடினால் லேசில் கிடைக்காது. டாஸ்மாக் பாரில் குடிகாரர்கள் பேச்சுதான் கச்சேரி. அதையும் ராத்திரி பத்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். மாரியம்மன் பண்டிகை நடக்கும் ஊர்களில் தெருக்கூத்து களைகட்டுவதே அந்த நேரத்துக்குத்தான். டிக்கெட் கிடையாது, தரைதான் இருக்கை, விடியவிடியப் பாட்டு. புதிதாகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

செய்ய வேண்டியவை

• பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் பின்னிரவில் குளிர் எடுக்கும்.

• வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் அவ்வளவுதான். வேஷக்காரர் பாடி விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடும் அழகு ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்தால் தெரியாது.

• திரை வரவைத் தவறவிடாதீர்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், நடுவில் குரல் மட்டும். துணி விலகுவதற்குள் வருவது துரியோதனனா, கர்ணனா என்று கூட்டம் கண்டுபிடித்துவிடும்.

• கோமாளி உங்களை வம்புக்கு இழுத்தால் பதில் கொடுங்கள். ஆட்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

• அன்றைக்கு என்ன கூத்து என்று முன்பே விசாரியுங்கள். கர்ண மோட்சத்தைத் துக்க வீட்டுக் காரியத்திலும் வைப்பார்கள். அங்கே போனால் வீட்டாரிடம் துக்கம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

• பாட்டு பிடித்திருந்தால் அன்பளிப்பு கொடுங்கள். உங்கள் பேரைச் சொல்லி வாழ்த்துவார்கள்.

செய்யக்கூடாதவை

• குடித்துவிட்டுப் போகாதீர்கள். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குப் பிரசாரம் செய்த ராஜாஜி, சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அந்த மதுவிலக்கு இன்று இல்லை. ஆனாலும் ஆடுகளத்துக்குள் தள்ளாடி வரும் ஒரே ஆள், நூறு பேர் கேட்கும் பாட்டைக் கெடுத்துவிடுவார்.

• பெண் வேஷம் கட்டியவரைக் கிண்டல் செய்யாதீர்கள், தொடாதீர்கள். பாஞ்சாலியாக அழுது கூட்டத்தையே அழவைக்கப் போகிறவர் அவர்.

• நடுவில் சினிமாப் பாட்டு கேட்காதீர்கள். பாட வேண்டும் என்றால் கோமாளியே பாடுவார்.

• செல்போன் லைட்டை வேஷக்காரர் கண்ணில் அடிக்காதீர்கள். சுழன்று ஆடுகிறவருக்குக் கண் கூசினால் கால் பிசகும்.

• பாதியில் எழுந்து போகாதீர்கள். கதையின் உச்சம் விடிகாலையில்தான். தூக்கம் வந்தால் அங்கேயே கட்டையைச் சாயுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சண்டைக் கட்டம் வந்தால் மிருதங்கமே தட்டி எழுப்பும்.

• விடிந்ததும் அரிதாரம் கலைக்கிறவரிடம் போய், "இதில் என்னங்க வருமானம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பகலில் வேறு வேலைக்கும் போகிறவர்கள் இவர்களில் பலர். "அடுத்த ஆட்டம் எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் பண்டிகைக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.