எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்கள் என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

மெடிக்கல் வார்டில் போஸ்டிங், இதயம் பலவீனப்பட்டு வருகிறவர்களுக்கு எதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டு எழுதியிருந்தாய். ஊசி போடுவதைப் போல இதையும் ஒரு வேலையாக மதித்துக் கேட்டாயே, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். பல இடங்களில் இந்த வேலை, டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோ வாசலில் காத்திருக்கும்போது "உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் யார் காதிலும் எதுவும் ஏறாது.

மூச்சுத்திணறல் தணிந்து, நோயாளி சாய்ந்து உட்கார்ந்து காபி கேட்கிறாரா, அன்றைக்கே தொடங்கிவிடு. முதலில் உடம்புக்குள் நடப்பதைச் சொல். இதயத்தால் போதுமான ரத்தத்தைத் தள்ள முடியாதபோது, உடம்பில் நீர் குறைந்துவிட்டதைப் போலச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அந்த நீர்தான் காலில் இறங்குகிறது, நுரையீரலில் கோத்துக்கொள்கிறது. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு எடை, உப்பு, மாத்திரை மூன்றுக்கும் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

எடையை வார்டிலேயே பழக்கு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மிஷினில். நீ பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடாதே. அவரையே முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல், அவர் கையாலேயே காலண்டரில் எழுதச் சொல். ஒரு லிட்டர் நீர் சேர்ந்தால் ஒரு கிலோ ஏறும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் வர வேண்டும். வீட்டில் மிஷின் இல்லாதவர்கள் நிறைய. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லாத நாளில் உடம்பே காட்டிக்கொடுக்கும்: மெட்டி இறுகுகிறதா, செருப்பு வார் பதிந்து தடம் விழுகிறதா, கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி நிற்கிறதா. நேற்று ஒரு தலையணையில் தூங்கியவர் இன்று இரண்டு கேட்கிறாரா என்பதையும் வீட்டாரைக் கவனிக்கச் சொல்.

உப்பைப் பற்றிப் பேசும்போது சமைக்கிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தாத்தாவிடம் தனியாகச் சொல்லிப் பயனில்லை. மருமகள் சாப்பாட்டுத் தூக்கோடு வரும் நேரம் பார்த்துப் போ. நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லும் அளவு. ஆனால் கிராம் கணக்கு அடுப்படியில் செல்லாது. "நேத்து காலைலேர்ந்து என்னென்ன சாப்பிட்டாங்க?" என்று கேள். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில், ரசத்தில், மோரில் உப்பு. அதற்கு மேல் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. இவற்றில் எதை முதலில் விட முடியும் என்று அவர்களே சொல்லட்டும். "இந்துப்பு போடலாமா சிஸ்டர்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதுவும் சோடியம்தான். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எல்லோருக்கும் தண்ணீர் அளவு கட்டுவதில்லை. டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும், அந்த அளவுக்குப் பாட்டிலை நிரப்பிக் காட்டு. ஒரு டம்ளர் காபியோ கஞ்சியோ குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு மீதி எவ்வளவு என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

மாத்திரையில், நீர் மாத்திரைதான் முதலில் விடுபடும். பஸ்ஸில் போகிற நாளில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று பயந்து பெண்கள் அதைத் தவிர்த்துவிடுவார்கள்; கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள். அந்த நாளில் எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொடு. முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும் என்பதை அட்டையைக் காட்டியே சொல்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதே. எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுக்குப் போனதும் மகன்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அதுதான் மறுநாள் நீ திரும்பச் சொல்ல வேண்டிய பாடம்.

இதற்கெல்லாம் நேரமேது என்று உன் சீனியர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் 223 நோயாளிகளை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வீடு திரும்பும் முன் செவிலியர் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கற்பித்தவர்களுக்கு, அடுத்த ஆறு மாதத்தில் மீண்டும் அட்மிட் ஆகும் அல்லது இறக்கும் ஆபத்து 35 சதவீதம் குறைந்தது. நம் வார்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம், மாத்திரை கொடுக்கும்போது ஐந்து நிமிடம் என்று எடுத்துக்கொள். எதுவரை சொன்னாய் என்று நோட்டில் எழுதிவை, அடுத்த ஷிப்ட் சிஸ்டர் அங்கிருந்து தொடர்வார்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதைப் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லிவை. போன மாதம் அனுப்பியவரே வீங்கிய காலோடு திரும்பி வந்தால் திட்டாதே, தங்கை. மாத்திரை எந்தக் கிழமை தீர்ந்தது, வாங்கப் பணம் இருந்ததா, கூட்டிவர ஆள் இருந்ததா, வீட்டில் விசேஷம் ஏதாவது நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அங்கிருந்து மறுபடி சொல்லிக்கொடு.

அன்புடன்,
அக்கா