விதை முறுக்கு

இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்றொரு மரபுண்டு. அவையில் வாய்விட்டுரைக்கக் கூசுஞ் சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லாற் கூறுவது அது. அவைக்கு அஃது அழகே. ஆயின், விதைப்பையில் நோவெடுத்த மாணாக்கன் அதனை வயிற்றுக்குத்தென்று சொல்லி விடுதியிற் போர்த்துப் படுப்பானாயின், அம்மறைப்பினால் ஓருறுப்பையே இழக்க நேரும்.

விதையானது விந்து நாண் என்னுங் கொடியிலே தொங்குவது. குருதியைக் கொணரும் நாடியும், மீளக் கொண்டேகும் நாளமும் அக்கொடியினுள்ளேயே செல்கின்றன. சிலருக்குப் பிறப்பிலேயே விதை பையின் சுவரைச் செவ்வனே பற்றாது, மணியின் நாப்போல ஆடும். அது திரும்பினாற் கொடி முறுகும். முதலில் நாளமும் பின்னர் நாடியும் அடைபடும். 12 முதல் 18 வயது வரையுள்ளோரிடமே இது மிகுதி. அடிபடவேண்டுமென்பதில்லை, உறக்கத்திலும் நிகழும். திடீரெனக் கடுநோவு, சத்தி, ஒருபுற விதை மேலேறிக் குறுக்காகக் கிடத்தல் ஆகியன குறிகள். சிலர்க்கு நோவு அடிவயிற்றிலேயே தோன்றுதலால், மாணாக்கன் சொல்லும் வயிற்றுக்குத்து முழுப்பொய்யுமன்று.

6 மணி நேரத்துள் முறுக்கவிழ்ந்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். 24 மணி நேரங் கடந்தாற் பிழைத்தல் அரிது. சத்திரசிகிச்சைக்குக் காலந்தாழுமெனக் கண்டால், வைத்தியர் கையாலேயே முறுக்கை அவிழ்க்க முயல்வதுண்டு. நோயாளியின் காலடியில் நின்று, புத்தகத்தை விரிப்பதுபோல, விதையைத் தொடையை நோக்கி வெளிப்புறமாகத் திருப்புவர். ஒரு சுற்றுப் போதாமையும் உண்டு. நோவு சட்டென அடங்குதலும், விதை கீழிறங்குதலும் நற்குறிகள். ஆனால் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு முறுக்கு எதிர்த்திசையில் அமைந்திருக்கும். அவர்க்கு வெளிப்புறந் திருப்பினால் நோவு மிகும். உடனே திசை மாற்றல் வேண்டும். ஆதலின் இது பயின்ற கைக்கே உரியது. விடுதியறையில் தோழர் செய்து பார்ப்பதன்று.

நோவு தீர்ந்ததும் வீடு திரும்பலாமோ எனின், ஆகாது. முறுக்கு முற்றும் அவிழாதிருக்கலாம். மீண்டும் முறுகவுங் கூடும். அதனாற் சத்திரசிகிச்சையில் இரு விதைகளையும் பையோடு தைத்து நிறுத்துவர். பிறவிக் குறை பெரும்பாலும் இருபுறமும் உளதாகலின்.

விடுதிப் பொறுப்பாளர், வயிற்றுநோவென்று வரும் இளைஞனைத் தனியே அழைத்து, விதையில் நோவுண்டோ என்று பெயர் சொல்லியே வினவுக. உண்டென்றால், நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்கு அனுப்புக. சத்திரசிகிச்சை நேரலாமாதலின், அதுவரை உணவும் தேநீரும் கொடாதிருத்தல் வேண்டும்.